ஐஸ் பெட்டியின் பேட்டரி

பேய்க் கதை என்றதும் அமாவாசை இருட்டையும் புளியமரத்தையும் எதிர்பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஐம்பது அறுபது பேர் கூடியிருந்த ஒரு சாவு வீட்டில் தொடங்கி, லாரிகள் வரிசை கட்டி ஓடும் ஹைவே வரைக்கும் போய்த் திரும்பிய கதை. இட்டுக்கட்டிச் சொன்னது இல்லை. நடந்தது என்றால் நடந்ததுதான். அனுபவித்தவன் சூரியபிரகாஷ். அவன் இதை யாரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பான். பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும், வெட்கம் அவன் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

சூரியபிரகாஷுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். போன மாசி மாதம் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினான். வாங்கட்டும், தப்பே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சே கிடையாது. கல்யாண வீடு, காதுகுத்து, பஸ் ஸ்டாண்டு, எங்கே ஆள் கிடைத்தாலும் கார் புராணம்தான். "சத்தமே வராது, பொகையே வராது, பெட்ரோலு கெட்ட கேடு" என்று ஆரம்பித்தால் கேட்கிறவனுக்குக் காது வலிக்கும். சொந்தக்காரர்கள் அவனைத் தூரத்தில் பார்த்தாலே, "தோ வர்றான்டா கரெண்டு வண்டி" என்று சிரிப்பார்கள்.

அவன் அம்மாவின் தங்கை வள்ளியம்மாள். ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் வீடு. தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போனது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை விடியலில் உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது.

மகன் புகழேந்தி பக்கத்திலேயே இருந்தான். மகள் பூர்ணிமாதான் ஐதராபாத்தில். அங்கே நர்ஸ் வேலை. லீவு கிடைக்காமல் பொங்கலுக்கும் வரவில்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் வர முடியவில்லை. தகவல் சொன்னதும் போனில் ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க. அம்மா மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

அவள் ரயில் காட்பாடிக்கு வர மதியம் இரண்டு மணி ஆகும். அங்கிருந்து ஊருக்கு ஒரு மணி நேரம். அதுவரை வைத்திருக்க முடியுமா என்பதுதான் எல்லார் மனதிலும் இருந்த கேள்வி. கடைசி நாட்களில் வள்ளியம்மாளுக்கு உடம்பு முழுக்க நீர் கோத்திருந்தது. வெயிலோ கொளுத்துகிற வெயில். பெரியவர்கள் வேறு, "சனிப் பொணம் தனியா போவாது, சீக்கிரம் எடுத்துடுங்கப்பா" என்று அவசரப்படுத்தினார்கள். பாடையில் கட்டக் கோழி வாங்கி வரவும் ஆள் போய்விட்டது. சனிக்கிழமை செத்தவர்கள் துணைக்கு ஆள் தேடுவார்கள் என்று ஒரு பயம். அந்தத் துணைக்குத்தான் கோழி.

எல்லார் நம்பிக்கையும் ஐஸ் பெட்டி மேலேதான் இருந்தது. ஆம்பூரில் பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடும் ஆபித் பாஷா விடியலிலேயே பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். வைத்த கொஞ்ச நேரத்திலேயே கரெண்டு போனது. ராத்திரி அடித்த காற்றில் எங்கோ மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டதாம். ஆபித் பாஷா கையோடு கொண்டுவந்திருந்த இன்வெர்ட்டரை மாட்டிவிட்டு, ஜெனரேட்டர் கொண்டுவருகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனார். சக்கரம் வைத்த ஒரு இரும்பு ட்ராலி. கீழே பெரிய பேட்டரி, மேலே இன்வெர்ட்டர். வீட்டுக்குப் பின்பக்கத்து ஜன்னலோரம் அதை நிறுத்தி, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார்.

பெட்டி குர்ர்ர்... குர்ர்ர்... என்று ஓடிக்கொண்டிருந்தது. அழுகிற சத்தம் ஓயும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டவர்களுக்கு ஒரு நிம்மதி.

பூர்ணிமாவை அழைத்துவர யார் போவது என்று பேச்சு வந்தபோது, டாக்சி ஓட்டும் புகழேந்தியின் தோஸ்த் ஒருவன், "நான் போறேன்" என்றான். நம் ஆள் விடுவானா? முன்னால் வந்து நின்றான்.

"எதுக்குப்பா அந்த டப்பா வண்டி? நான் கூட்டிட்டு வர்றேன். என் வண்டியில ஏறினா காட்பாடி முக்கா மணி நேரம்."

புகழேந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "உன்னதான் நம்பிக்கீறேன் பிரகாசு." டாக்சிக்காரன் மாலை வாங்கவும் ஆட்களை ஏற்றிவரவும் வேறு பக்கம் கிளம்பிவிட்டான்.

கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. வெயில் தாங்கவில்லை. கார் வீட்டுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் நின்றது. பிரகாஷ் நைசாக அதில் போய் உட்கார்ந்தான். முழுதாக ஸ்டார்ட் செய்தால் முன்னால் லைட் எரியும். துக்க வீட்டில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறான் பார் என்று நாலு பேர் பேசுவார்கள். அதனால் அரைகுறையாக ஆன் செய்து, லேசாகக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய திரையில் கிரிக்கெட் போட்டான். சித்தி பெட்டிக்குள் கிடக்கிறாள். இவன் கிரிக்கெட் பார்க்கிறான். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டான், அந்த மட்டும் புத்தி இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். திரை சட்டென்று கறுப்பானது.

பொத்தானை அழுத்தினான். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம். இல்லை. சாவியை அழுத்தினால் கதவு கிளிக் என்றுகூடச் சொல்லவில்லை.

கூட வேலை செய்யும் ஒவைஸுக்குப் போன் போட்டான். அவனிடமும் அதே கார்தான்.

"பெரிய பேட்டரில சார்ஜ் கீது ஒவைஸ். எண்பது பர்சன்ட் இருந்துச்சி."

"அது இருந்து இன்னா? முன்னாடி சின்ன பேட்டரி ஒண்ணு கீதுல்ல, அது செத்துட்டா பெருசு முழிக்காது. போன வாரமே ஸ்க்ரீன்ல வார்னிங் வருதுன்னு சொன்னியே. இன்னா பண்ண?"

பிரகாஷ் திரையில் படிந்த தூசியைத் துடைத்தான்.

"சரி வுடு. வேற பேட்டரிலேர்ந்து ஒயர் குடுத்து எழுப்பு. நான் வாங்கச் சொன்ன ஒயரு வண்டில கீதுல்ல? எழுந்துடுச்சின்னா திரும்ப எடத்துக்கு வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணாத."

வேறு பேட்டரிக்கு எங்கே போவது? ஊரில் டிராக்டர் இல்லாமல் இல்லை. நாலு பேரிடம் கேட்டால் யாராவது ஓட்டி வருவார்கள். ஆனால் கேட்கும்போது, எப்படி இறங்கிப் போச்சு என்பார்கள். கிரிக்கெட் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? காலையில்தான் டப்பா வண்டி என்று டாக்சிக்காரனை விரட்டியிருக்கிறான். டிராக்டரிடம் பிச்சை வாங்கும் எலக்ட்ரிக் கார் என்று ஒடுகத்தூர் முழுக்கச் சிரிக்காதா?

அப்போதுதான் அவன் பார்வை ஜன்னலோரம் போனது.

ட்ராலியில் பேட்டரி. காருக்கும் அதற்கும் நடுவே பத்தடி இடைவெளி.

அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷத்தில் பெட்டிக்குள் இருக்கிற குளிர் எங்கே போய்விடும்? தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். முன்வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் ஒருவரும் இல்லை. இன்வெர்ட்டரில் சொருகியிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடித்தான்.

பிடுங்கினான்.

குர்ர்ர் என்ற சத்தம் நின்றது.

"இன்னாடா, சத்தம் நின்னுடுச்சி?" ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முனியம்மா. வள்ளியம்மாளோடு தோல் ஷாப்பில் கூட வேலை செய்தவள்.

"ஒயரு லூசா இருந்துச்சிக்கா. டைட் பண்றேன். இப்ப வந்துடும்."

கூசாமல் சொன்னான். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான்.

ட்ராலியை உருட்டினான். ரிமோட் சாவிக்குள் செருகியிருந்த சின்ன இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, முன்மூடியைத் தூக்கி, சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் எல்லாம் ஒவைஸ் சொன்னபடி மாட்டினான். பொத்தானை அழுத்தினான். திரை பளிச்சென்று வெளிச்சமானது. கார் எழுந்துவிட்டது. அப்பாடா.

ஒயரைக் கழற்றி, ட்ராலியைப் பழைய இடத்துக்கே உருட்டிப் போய், பிளக்கைத் திரும்பச் சொருகினான்.

சத்தம் வரவில்லை.

பிடுங்கிச் சொருகினான். தட்டினான். இன்வெர்ட்டரில் ஒரு லைட்டும் எரியவில்லை. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் காருக்கு உறிஞ்சிவிட்டோம் என்று நினைத்தான். இப்போது புகழேந்தியிடம் போய்ச் சொல்ல வேண்டும். மனுஷன் என்றால் சொல்லியிருப்பான்.

"பிரகாசு, இன்னும் கிளம்பலையா?" முன்பக்கமிருந்து புகழேந்தி கூப்பிட்டான்.

"தோ, கிளம்பிட்டேன்."

ஜன்னல் வழியாகப் பெட்டி தெரிந்தது. கண்ணாடி மூடிக்குள் சித்தியின் முகம். நெற்றியில் காசு. மன்னிப்புக் கேட்கிற மாதிரி, வாய்க்குள் முனகினான்.

"போய்ட்டு வர்றேன் சித்தி."

முனியம்மா வெடுக்கென்று திரும்பினாள். "அட பாவி, சாவு வூட்ல இன்னா வார்த்த சொல்ற? செத்தவங்கள பாத்து வர்றேன்னு சொல்லுவாங்களா? அதுவும் சனிக்கிழம. வாயக் கழுவு."

சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போக வேண்டும். கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். சொன்னால் கூடவே கிளம்பிவிடுவார்கள் என்பார்கள். அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

மணி பன்னிரண்டு ஐம்பது.

ஊர் எல்லை தாண்டினதும் சத்தம் வந்தது.

டிங்... டிங்... டிங்...

திரையில் சிவப்பு விளக்கு. பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றது. பை ஏதாவது வைத்தோமா என்று யோசித்தான். பை முன்சீட்டில் அவன் பக்கத்திலேயே இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். பின்சீட் காலி. சின்ன பேட்டரி செத்துப் பிழைத்த கார், ஏதாவது கோளாறு காட்டத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

டிங்... டிங்...

அணைக்கட்டு வரை தாங்கினான். பேஜாராகிவிட்டது. ஓரமாக நிறுத்தி, காரை அணைக்காமல் இறங்கி, பின்கதவைத் திறந்தான். சீட்டைத் தட்டிப் பார்க்கக் கை வைத்தான்.

சில்லென்று இருந்தது.

பேட்டரிக்குப் பயந்து அவன் ஏசியே போடவில்லை. அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற சீட்டெல்லாம் தோசைக்கல் சூடு. அந்த ஒரு இடம் மட்டும்...

கையை எடுத்துக்கொண்டான். பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டிலேயே மாட்டினான். சத்தத்தை நிறுத்த எல்லாரும் செய்கிற வேலைதான். டிங் நின்றது. கிளம்பினான்.

கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியைப் பார்த்தான்.

காலி சீட்டில் மாட்டிய பெல்ட் எப்படி இருக்கும்? சீட்டோடு சீட்டாகப் படிந்து கிடக்கும். அந்த பெல்ட் படியவில்லை. சீட்டைவிட்டு முன்னால் தள்ளி, வளைந்து, இறுக்கமாக நின்றது. அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம்.

அந்த இடத்தில் யாரும் இல்லை.

அவன் ரோட்டைப் பார்த்தான். ரோட்டை மட்டும் பார்த்தான். ஹைவேயில் லாரிகள், பஸ்கள், ஆட்டோக்கள். இத்தனை ஜனத்துக்கு நடுவில் என்ன ஆகிவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டான்.

அப்போது அது கேட்டது.

குர்ர்ர்... குர்ர்ர்...

பின்னாலிருந்து.

ஊரெல்லாம் போய் சத்தமே வராது என்று பீற்றிக்கொண்ட கார் அது.

காட்பாடி போய்ச் சேர்ந்தது அவனுக்கு நினைவில்லை. பாலாற்றுப் பாலத்தைக் கடந்தது நினைவிருக்கிறது. மெதுவாகப் போனான், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஸ்டேஷன் வாசலில் காரை அணைக்கவும் பயம், உள்ளே இருக்கவும் பயம். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். அந்த வெயிலில் நின்றதுதான் அன்றைக்கு அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

பூர்ணிமா வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, வச்சிருக்காங்கல்ல?"

"வச்சிருக்காங்கம்மா. முன்னாடி உக்காரு."

"இல்லண்ணா, பின்னால சாஞ்சிக்கறேன். ரெண்டு நாளா தூக்கமே இல்ல." வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "இந்த பெல்ட்டு ஏண்ணா மாட்டியிருக்கு?"

"சத்தம் வந்துகிட்டே இருந்துச்சி."

உள்ளே ஜில்லென்று இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வேலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

பிரகாஷ் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். எத்தனை நேரம் பார்க்காமல் ஓட்ட முடியும்? பின்னால் பஸ் ஒன்று ஒட்டி வந்தது. பார்த்தான்.

பூர்ணிமா இடதுபக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். கால் மடங்கி, கை மடங்கி, குழந்தை மாதிரி. ஆனால் அவள் தலை...

தலை சீட்டில் படவில்லை.

சீட்டுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஒரு மடியின் உயரம். கார் குலுங்கும்போது தலை ஆடவில்லை. நெற்றி முடி மட்டும் மெல்ல ஒதுங்கியது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தன.

குர்ர்ர்... குர்ர்ர்...

பூர்ணிமா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அம்மாவுக்குத் தூங்கறப்ப நெஞ்சுல இப்படித்தாண்ணா சத்தம் வரும்... உன் வண்டி சத்தம் அப்படியே இருக்குது."

அவன் ஓரம் ஒதுங்கி அந்தப் பஸ்ஸை முன்னால் விட்டான்.

சனிப் பிணம் தனியே போகாது.

வர்றேன் என்று அவன்தான் சொன்னான். குளிரை அவன்தான் பிடுங்கினான். ஆனால் மடியில் இருப்பது அவள் பெண். துணைக்கு யாரைக் கூட்டிப் போகப் போகிறாள்?

"சித்தி..." என்றான். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கொழந்தய ஒண்ணும் பண்ணாத. தப்பு பண்ணது நான்தான். கூட்டிட்டுப் போறதுன்னா..."

அந்த வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை. என்னைக் கூட்டிப் போ என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கோழை. மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பட்ட பயமெல்லாம் நாளாக நாளாக மங்கிவிட்டது, அந்த முடிக்காத வாக்கியம் மட்டும் இன்றைக்கும் அவன் முகத்தைச் சுட வைக்கிறது.

அணைக்கட்டு.

ஒடுகத்தூர்.

ஊர்.

கார் நின்றதும் சத்தமும் நின்றது. பூர்ணிமா எழுந்து உட்கார்ந்தாள். நன்றாகத் தூங்கிய முகம். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ, அவள் உள்ளே ஓடினாள். பிரகாஷ் ஒருதரம் பின்சீட்டைப் பார்த்தான். பெல்ட் சீட்டோடு படிந்து கிடந்தது.

ஜன்னலோரம் போனான். இன்வெர்ட்டர் அவன் விட்டுப்போனபடியே இருந்தது. ஒரு லைட்டும் இல்லை. இரண்டரை மணி நேரம், இந்த வெயிலில், நீர் கோத்த உடம்பு. உள்ளே இந்த நிமிஷம் பூர்ணிமா என்ன பார்க்கப் போகிறாள்? ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

முனியம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "நல்லா டைட் பண்ண போ. நீ போனதுலேர்ந்து சத்தமே வரல. பொட்டி ஜில்லுன்னு இருக்கவேதான் யாருக்கும் சொல்லாம உட்டேன். இப்பதான்..."

அவள் முடிக்கவில்லை. அவனுக்கும் கேட்டது.

குர்ர்ர்... குர்ர்ர்...

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடியில் பனி படர்ந்திருந்தது. பூர்ணிமா முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வள்ளியம்மாளின் முகம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஒரு சுருக்கம் மாறவில்லை. மூடியைத் திறந்தார்கள். அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுத அழுகையில் மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அழுது முடித்ததும் பிரகாஷைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நீ இல்லன்னா நான் பாத்திருக்க மாட்டேண்ணா." அவன் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பொழுது சாயுமுன் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது, ஆபித் பாஷா பெட்டியை வேனில் ஏற்றக் காத்திருந்தார். ஜெனரேட்டர் கிடைக்கவில்லையாம். பிரகாஷ் ஒரு பக்கம் பிடித்தான். மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"பாய், அந்த பேட்டரி நல்லாதான கீது? மதியம் கொஞ்ச நேரம் நின்னு போச்சி."

ஆபித் பாஷாவின் முகம் வெளுத்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை வேனுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா தம்பி? நெஜம் சொல்லிடறேன். அந்த பேட்டரி செத்து ஒரு மாசம் ஆவுது. ஒரு டார்ச் பல்பு கூட அதுல எரியாது. அவசரத்துல அதையே தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன். கரெண்டு போனதும் புகழேந்தி தம்பி கத்துனாரு. சும்மா ஒயர மாட்டிட்டு, ஓடுதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டேன். ஒடம்பு கெட்டுப் போயிருக்கும், ஊரே என்ன அடிக்கும்னு நெனச்சிக்கிட்டுதான் திரும்பி வந்தேன்."

"பொட்டி ஓடிச்சே பாய். காலையிலேர்ந்து சத்தம் வந்துச்சே. எல்லாரும் கேட்டாங்களே."

ஆபித் பாஷா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "எப்படி தம்பி ஓடும்? இந்த ஊர்ல இன்னும் கரெண்டே வரலயே."

பிரகாஷ் வேனில் கைவைத்து நின்றான். டார்ச் பல்பு எரியாத பேட்டரியில் ஒயர் போட்டுத்தான் அவன் காரை எழுப்பினான். அந்தக் கார் எப்படி எழுந்தது? காட்பாடி வரை போய் எப்படித் திரும்பியது? சித்தியிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம் என்று மதியம் முழுக்க அவன் கூனிக் குறுகியிருந்தான். அவள் எழுந்து தன் பெண்ணை அழைத்துவரத்தான் கிளம்பியிருக்கிறாள். இவன் வண்டி ஓட்டினான், அவ்வளவுதான். அவளிடம் போய், குழந்தையை ஒன்றும் செய்யாதே என்று கெஞ்சியிருக்கிறான்.

"மனசு கேக்கல தம்பி," என்றார் ஆபித் பாஷா. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல. புகழேந்தி கிட்ட உண்மையச் சொல்லி மன்னிப்பு கேட்டுடறேன்."

"வேணாம் பாய்."

சட்டென்று வந்துவிட்டது. பேட்டரி பேச்சு எடுத்தால் முனியம்மா வாய் திறப்பாள். ஒயரைத் தொட்டது யார் என்று வரும். கார் ஏன் நின்றது என்று வரும். கிரிக்கெட் வரும்.

"நல்லபடியா முடிஞ்சிடுச்சி. விடுங்க. யாருக்கும் சொல்ல வேணாம்."

ஆபித் பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உங்க மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும் தம்பி."

பிரகாஷ் கையை இழுத்துக்கொள்ள முடியாமல், அவர் விடும் வரைக்கும் அப்படியே நின்றான்.